பக்கத்தின் மூலையில் ஒரு கட்டைவிரல்

அந்த ஃபோனைச் சித்தெ இக்கட்டத் திருப்புங்க தம்பி. இல்ல இல்ல, புடுங்கிக்க மாட்டேன், பயப்படாதீங்க. படக்கதைதானுங்களே அது? நீங்க ஊத்துக்குளியில ஏறி உக்காந்தப்பவே பாத்துட்டேன். கட்டம் கட்டமா நகத்திக்கிட்டு இருக்கறீங்க. யாரு குடுத்தா உங்களுக்கு? சும்மாதான் கேக்கறேன். காசு கட்டிப் படிக்கிறீங்களா, இல்ல யாராச்சும் அனுப்புனாங்களா?

சரி, ஆபீஸ்ல கூட வேலை செய்யறவரு அனுப்புனாரு. எல்லாரும் அதத்தானுங்க சொல்றாங்க. அவருக்கு யாரு அனுப்புனாங்கன்னு கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. யாருமே கேக்கறதில்ல. கேட்டது நான் ஒருத்தன்தான்.

எனக்குப் பேரு நல்லசிவம். ஈரோட்டுல மணிக்கூண்டுக்குப் பின்னால ஒரு சந்துக்குள்ள 'சிவம் காமிக்ஸ்'னு ஒரு கடை இருந்துச்சு, கேள்விப்பட்டிருக்கறீங்களா? இல்லீங்களா? பரவால்ல. இருவத்தேழு வருஷம் நடத்துனேன். படக்கதைப் புஸ்தகம் மட்டுந்தான். நோட்டு கிடையாது, பேனா கிடையாது, ஜெராக்ஸ் கிடையாது. ஒரு ஜெராக்ஸ் மெஷினைப் போட்டாப் பொழைச்சுக்கலாம்னு எத்தனையோ பேரு சொன்னாங்க. படக்கதைக் கடைக்குள்ள ஜெராக்ஸ் மெஷினுங்க! சொன்னவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு.

போன பங்குனியில கடையை மூடிட்டேன். ஏன் மூடுனேன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என்ற மக சிந்துஜா திருப்பூர்ல இருக்குது, அது சொல்லுது, "அப்பா, காலம் மாறிப் போச்சுப்பா"ன்னு. பக்கத்துல செருப்புக்கடைக்காரரு சொல்றாரு, சந்துக்குள்ள கடை இருந்தா யாருக்குத் தெரியும்னு. ஊட்டுல, துளசிமணி, அவ ஒண்ணுமே சொல்றதில்ல. என்ற மூஞ்சியப் பாக்கறா, அக்கட்ட போயிடறா. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்குது.

நான் சொல்றேன் கேளுங்க. கடையை மூட வெச்சது ஒரு கட்டைவிரலு.

சிரிக்காதீங்க. இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். பெருந்துறை வர்றதுக்கே இன்னும் நேரம் இருக்குது.

முன்னெல்லாம் படக்கதைன்னாச் சாணித்தாள்ல வரும். கையில மை ஒட்டும். பஸ்ஸுக்கு நிக்கறவரு, சினிமாவுக்கு டிக்கெட் கிடைக்காதவரு, எல்லாரும் ஒண்ணு வாங்கிச் சுருட்டி வெச்சுக்குவாங்க. அப்பறம் வழவழன்னு தாளு, கெட்டி அட்டை, ஒவ்வொண்ணும் கல்யாண ஆல்பமாட்டம் ஆகிப் போச்சு. கொஞ்சமா அச்சடிக்கிறது, வெலையை ஏத்தறது. சந்தா கட்டுனா ஊட்டுக்கே அனுப்பறமுன்னு பதிப்பகத்துக்காரங்களே சொல்லிப் போட்டாங்க. அதுக்குத் தள்ளுபடி வேற. அப்ப என்ற கடைக்கு எதுக்குங்க வருவாங்க? நமக்கு விக்காத புஸ்தகத்தையும் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. சந்தாக்காரருக்குச் செவ்வாக்கெழமை புஸ்தகம் கெடைக்கும், எனக்கு வியாழக்கெழமை பார்சல் வரும். ரெண்டு நாள் எதுக்குத் தாமசம்? கேட்டா, லாரி லேட்டுங்கறாங்க. மாசாமாசம் ஒரே லாரி, ஒரே மாதிரி லேட்டாகுமுங்களா? நீங்க பதிப்பகத்து ஆளு இல்லையே? இல்லதானே? சரி.

ஆனா அதெல்லாம் இருந்துங்கூடக் கடை ஓடுச்சுங்க. ஏன்னா சனிக்கெழமை இருந்துச்சு.

சனிக்கெழமை மத்தியானம் மூணு மணிக்கு மேல நாலஞ்சு பேரு வருவாங்க. கடைக்குள்ள ஒரு பெஞ்சு. அதுல சகாயண்ணன் மொதல் ஆளு. தேவசகாயம்னு பேரு, ரயில்வே பார்சல் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. நான் கடை தொறந்த மொத நாளு மொத புஸ்தகம் வாங்குனவரு அவருதான். அப்பறம் மெஹபூப் பாய், மெத்தைக் கடை வெச்சிருக்காரு. பூங்கொடி டீச்சர், கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல ஏழாவதுக்குப் பாடம் எடுக்குது. இவங்க உக்காந்தாங்கன்னாப் பேச்சுதான். அந்த மாசத்துப் புஸ்தகத்துல துப்பாக்கிய எடது கையில வரைஞ்சிருக்கான், போன மாசம் வலது கைன்னு பாயி சண்டை போடுவாரு. டீச்சரு குரல மாத்தி மாத்திப் படிச்சுக் காட்டும். வெளிய போறவங்க நின்னு எட்டிப் பாப்பாங்க. அப்பிடியே ஒருத்தரு ரெண்டு பேரு உள்ள வந்து ஒரு புஸ்தகம் வாங்கீட்டும் போவாங்க.

சகாயண்ணன் எச்சாப் பேச மாட்டாரு. புஸ்தகத்தைக் கையில வாங்கித் தடவிப் பாப்பாரு. "அட்டையில என்ன படம் போட்டிருக்கான் நல்லசிவம்?"னு கேப்பாரு. புஸ்தகம் அவரு கையிலதான் இருக்கும், பாத்துக்கலாமல்ல? ஆனா என்ற வாயால கேக்கோணும்னு ஆசை. நானும் சொல்லுவேன். மலை, மலைக்கு மேல கோட்டை, கோட்டை வாசல்ல ஒருத்தன் குதிரையோட நிக்கறான்னு. கண்ண மூடிக் கேட்டுக்குவாரு. ரெண்டு வருஷமா இப்பிடித்தான். அவ்வளவு பிரியமுங்க அவருக்கு என்ற மேல. அதனாலதான் சொல்றேன், அந்தாளு எனக்குச் செஞ்சது இன்னும் ஆறல.

போன வருஷம் ஆடி மாசம். வியாழக்கெழமை பார்சல் பிரிச்சேன். சனிக்கெழமை மெஹபூப் பாய் வந்தாரு, வந்ததும் வராததுமா ஃபோனை நீட்டுனாரு.

"அண்ணா, இதப் பாருங்க. புது புஸ்தகம் முழுசும் எவனோ படம் புடிச்சுக் குரூப்புல போட்டிருக்கான்."

வாங்கிப் பாத்தேன். அட்டையில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். ஒரு கட்டம் உடலீங்க. "உங்களுக்கு யாரு அனுப்புனா?"ன்னு கேட்டேன். "எங்க மச்சான் கூட்டாளி ஒருத்தன் இருக்கான், அவன் அந்தக் குரூப்புல இருக்கான்"னாரு. மச்சானுக்குக் கூட்டாளியாம். சொல்லும்போது கண்ணு நேராப் பாக்கல, அதையும் கவனிச்சேன்.

அப்பத்தான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. நாப்பத்தி மூணாம் பக்கம், கீழ் மூலை. புஸ்தகம் மூடிக்காம ஒரு விரல வெச்சு அமுத்திப் புடிச்சிருக்காங்க. அந்த விரலும் சேந்து விழுந்திருக்குது. கட்டைவிரலு. நகத்துக்குக் கீழ குறுக்கால ஒரு கோடு. தழும்பாட்டம்.

அன்னையில இருந்து நான் ஈரோட்டுல மனுசங்க மூஞ்சியப் பாக்கலீங்க. கட்டைவிரலத்தான் பாத்தேன்.

காசு குடுக்கும்போது பாப்பேன். புஸ்தகம் எடுக்கும்போது பாப்பேன். டீக்கடையில, பஸ்ஸுல, கோயில்ல துண்ணூறு வாங்கறப்பக்கூட. எத்தனை விதமுங்க! நசுங்குனது, வளைஞ்சது, நகம் இல்லாதது. பாயி விரல்ல ஊசி குத்துன புள்ளி நூறு இருக்குது, ஆனாக் கோடு இல்ல. நான் பாக்கறத அவரு கண்டுக்கிட்டாரு. "என்னண்ணா, கைரேகை பாக்கறீங்களா?"ன்னாரு. "ஏன், பாத்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?"னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல.

டீச்சரு கையில மருதாணி வெச்சுக்கிட்டு வந்துச்சு. ஆவணியில. கட்டைவிரல் முச்சூடும் செவப்பு. "எதுக்கு டீச்சர் திடீர்னு மருதாணி?"ன்னேன். "தம்பிக்குக் கல்யாணமுங்ணா, பத்திரிகை வெச்சேனே"ன்னுச்சு. வெச்சுச்சுதான். ஆனா அந்த விரல்ல கோடு இருக்குதா இல்லையான்னு எப்பிடித் தெரியறது? "சித்தெ தண்ணியில கழுவிக் காட்டுங்க"ன்னேன். மொதல்ல சிரிச்சுச்சு. நான் சிரிக்காம நிக்கறதப் பாத்துட்டு, எந்திரிச்சுப் போயிருச்சு. கழுவுனா மருதாணி போகாதுன்னு எனக்கு அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு. ஆனாக் கோவிச்சுக்கிட்டு எதுக்குப் போகோணும்? தப்பு செய்யாதவங்களுக்கு எதுக்குங்க கோவம் வருது?

அப்பறம் நான் கொஞ்சம் ஏற்பாடு செஞ்சேன். புஸ்தகத்தையெல்லாம் பிளாஸ்டிக் உறையில போட்டு ஒட்டிட்டேன். வாங்குனாத்தான் பிரிக்கலாம். வாசல்ல ஒரு கூடை வெச்சேன், உள்ள வர்றவங்க ஃபோனை அதுல போட்டுட்டுத்தான் வரோணும். பெஞ்சை எடுத்துப் பின்னால போட்டேன். உக்காந்தாத்தானே பேச்சு, பேசுனாத்தானே புஸ்தகத்தப் புரட்டறது. சுவத்துல கண்ணாடி ஒண்ணு மாட்டுனேன், நான் திரும்பி நின்னாலும் அவங்க கையி தெரியற மாதிரி.

அதுக்கப்பறம் பாருங்க, ஆளுங்க வர்றது கொறைஞ்சு போச்சு. வாரத்துக்கு வாரம் கொறைஞ்சுது. பாத்தீங்களா, அந்தக் குரூப்பு எப்பிடிக் கடையைத் திங்குதுன்னு! சிந்துஜா ஃபோன்ல சொல்லுச்சு, "அப்பா, கடைக்குள்ள போறதுக்கு ஏர்போர்ட்டாட்டம் இருந்தா யாருப்பா வருவாங்க?"ன்னு. அது சின்னப் புள்ள, யாவாரம் தெரியாது. அதும் மாப்பிள்ளைக்கு என்ற பழைய புஸ்தகக் கலெக்சன் மேல ஒரு கண்ணு, அது தனிக்கதை.

சகாயண்ணன் மட்டும் விடாம வந்தாரு. பெஞ்சு இல்லாட்டி என்ன, கதவப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. அவருகிட்ட மட்டுந்தான் நான் மனசு விட்டுச் சொன்னேன். அவரு விரல நான் பாக்கவே இல்லீங்க. அவர எப்பிடிப் பாக்கறது? "விடு நல்லசிவம், படிக்கிறவன் படிச்சுட்டுப் போறான். கடையில மனுசங்க இருக்கோணும், அதான் முக்கியம்"னாரு. அப்ப எனக்கு அது ஆறுதலா இருந்துச்சு. பின்னால யோசிச்சுப் பாத்தா, எதுக்கு அவரு விடச் சொல்லோணும்?

புரட்டாசியில ஒரு வேலை செஞ்சேன். ரெகுலரா வாங்கறவங்களுக்குன்னு பேரு எழுதி எடுத்து வெப்பேன், அப்ப பதினாலு பேருதான் மிச்சம். ஒவ்வொருத்தரு புஸ்தகத்துலயும் ஒவ்வொரு பக்கத்துல, பக்க நெம்பருக்குக் கீழ பென்சில்ல ஒரு புள்ளி. கடுகுல பாதி இருக்கும். பாய்க்கு ஒன்பதாம் பக்கம், டீச்சருக்குப் பதினேழு, இப்பிடி. அது எந்தப் பக்கம் யாருக்குன்னு எழுதிச் சட்டைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டேன். டீச்சரு புஸ்தகம் வாங்க வரவே இல்ல, அது வேற விஷயம். சகாயண்ணனுக்கும் போட்டேன், முப்பத்தி ஒண்ணாம் பக்கத்துல. அவரு பார்சல் வந்த அன்னிக்கே வந்து வாங்கிட்டுப் போயிருவாரு. சந்தேகமில்லீங்க, ஒரு கணக்குக்காகப் போட்டது.

வெள்ளிக்கெழமை பொழுதோட குரூப்புல வந்துருச்சு. அப்ப நானே ஒரு பேரு மாத்தி அந்தக் குரூப்புல சேந்திருந்தேன். ஒவ்வொரு பக்கமாப் பெருசு பண்ணிப் பாத்தேன். ஒன்பது, இல்ல. பதினேழு, இல்ல. இருவத்தி ரெண்டு, இல்ல. முப்பத்தி ஒண்ணு.

இருந்துச்சு.

நம்ப மாட்டீங்க தம்பி, நான் போய்ச் சுவத்துல இருந்த கண்ணாடியில என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன் சித்தெ நேரம். வேற யாரா இருந்தாலும் எனக்குச் சந்தோசமா இருந்திருக்கும். சனிக்கெழமை சகாயண்ணன் வந்து பாய்கிட்ட அந்தப் புஸ்தகத்தப் பத்திப் பத்து நிமிஷம் பேசுனாரு. நடுவுல ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரு கப்பல் வரைஞ்சிருக்கான், செவப்புப் பாய்மரம், அடடான்னு. நான் அவரு வாயவே பாத்துக்கிட்டே இருந்தேன்.

ஞாயித்துக்கெழமை காத்தால கொல்லம்பாளையத்துல அவரு ஊட்டுக்குப் போனேன். கதவத் தொறந்தது அவரு ஊட்டுக்காரம்மா, ஃபிலோமினாக்கா. "வாங்க தம்பி, பூசை முடிஞ்சு இப்பத்தான் வந்தோம், ஆப்பம் இருக்குது"ன்னுச்சு. தட்டை நீட்டுச்சு. தட்டைப் புடிச்சிருந்த கட்டைவிரல்ல, நகத்துக்குக் கீழ, குறுக்கால ஒரு கோடு.

நான் தட்டை வாங்கல. ஃபோன்ல அந்த ஆடி மாசத்து விரல் படத்தக் காட்டுனேன். "இது உங்க விரலுதானேங்க்கா?"ன்னேன்.

அந்தம்மா உத்துப் பாத்துச்சு. "ஆமா, என் விரலுதான். அருவாமணை வெட்டுனது. இது எப்பிடி உங்ககிட்ட?"ன்னு கேட்டுச்சு. ஒரு திருட்டுமுழி இல்ல, ஒண்ணும் இல்ல. கைதேர்ந்தவங்க அப்பிடித்தானுங்க இருப்பாங்க.

சகாயண்ணன் உள்ள இருந்து சுவத்தத் தடவிக்கிட்டு வந்தாரு. "யாரு, நல்லசிவமா? வாய்யா"ன்னாரு. அப்பறம் ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னாங்க. அவருக்குக் கண்ணு போயி ரெண்டு வருஷம் ஆச்சாம். நரம்புல கோளாறாம், ஆபரேசன் செஞ்சும் நிக்கலையாம். ஓரத்துல கொஞ்சம் வெளிச்சந்தான் தெரியுமாம். அதனால அந்தம்மா பக்கம் பக்கமா ஃபோன்ல படம் புடிச்சுப் பெருசாக்கி, ஒவ்வொரு கட்டமாக் கண்ணுக்குக் கிட்டத்துல வெச்சுக் காட்டி, படிச்சும் சொல்லுமாம். குவைத்துல இருக்கற மகன் ஜெரால்டுக்கும் அதையே அனுப்பி வெக்குமாம். அவன் நம்ம கடைப் பெஞ்சுல வளந்தவனுங்க. "அப்பா என்ன படிக்கிறாரோ அதையே நானும் படிக்கிறேம்மா"ன்னு கேட்டானாம். அவன் கூட்டாளிகளுக்கு அனுப்பியிருக்கான். அந்தக் கூட்டாளியில ஒருத்தன் குரூப்புல போட்டிருக்கான்.

கேக்க நல்லாத்தான் இருக்குது. கதைன்னாக் கேக்க நல்லாத்தானே இருக்கும்?

நான் கையோட கொண்டு போயிருந்த புஸ்தகத்துல நடுப்பக்கத்தத் தொறந்து அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். "இதுல என்ன இருக்குதுன்னு சொல்லுங்கண்ணா, பாப்போம்"னேன்.

"வேண்டாங்க தம்பி"ன்னுச்சு ஃபிலோமினாக்கா.

அவரு காத்துல கைய வெச்சுத் துழாவிப் புஸ்தகத்தப் புடிச்சாரு. தலையச் சாய்ச்சு ஓரக்கண்ணால பாத்தாரு. "செவப்பா என்னமோ இருக்குது. சட்டையா, தீயா?"ன்னு கேட்டாரு. அந்தக் கப்பலுங்க! அக்கா சொன்னதக் கேட்டு வெச்சுக்கிட்டு, முந்தின நாளு பாய்கிட்டத் திருப்பிச் சொல்லியிருக்காரு.

"ரெண்டு வருஷமாக் கண்ணு தெரியாதுன்னா எதுக்கு மாசாமாசம் கடைக்கு வந்து புஸ்தகம் வாங்குனீங்க?"ன்னேன்.

"நீ கடையைத் தொறந்து வெச்சிருக்கியே, அதுக்குத்தான்"னாரு.

எப்பிடி இருக்குதுங்க பதிலு? கேட்ட கேள்விக்கும் அதுக்கும் ஏதாச்சும் சம்மந்தம் இருக்குதா? ஒரு வக்கீல் கேட்டா ஒத்துக்குவாரா? பேச்ச மாத்தறாருன்னு எனக்குப் புரிஞ்சுது. "எங்கிட்ட எதுக்குச் சொல்லல?"ன்னேன். "சொல்லியிருந்தா நீ அட்டைப் படத்தப் பத்திப் பாவப்பட்டுக்கிட்டுச் சொல்லியிருப்ப, இப்ப சொல்ற மாதிரி சொல்லியிருக்க மாட்டே"ன்னாரு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். ஆப்பம் அப்பிடியே இருந்துச்சு.

மக்யா நாளு, திங்கக்கெழமை, கடை வாசல்ல ஒரு தாளு ஒட்டுனேன். 'திரு. தேவசகாயம் அவர்களுக்கு இக்கடையில் அனுமதி இல்லை'ன்னு. திருன்னு மரியாதையாத்தானுங்க எழுதுனேன். சனிக்கெழமை மெஹபூப் பாய் அதப் படிச்சாரு. உரிச்சு எடுத்தாரு. நாலாக் கிழிச்சு அந்த ஃபோன் கூடைக்குள்ள போட்டாரு. "கண்ணு தெரியாத மனுசன் படிக்க முடியாத நோட்டீஸ எதுக்குண்ணா ஒட்டறீங்க? நாங்க படிக்கோணும்னுதானே? படிச்சாச்சு"ன்னு சொல்லிட்டுப் போனவருதான். கூட்டுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

அப்பறம் நடந்ததுதான் முக்கியம். இதக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

தீவாளிக்கு முன்னாடி ஜெரால்டு குவைத்துல இருந்து கூப்புட்டான். அழுதான். "மாமா, தப்புப் பண்ணிட்டேன், எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமா"ன்னான். குரூப்புல என்னமோ பெருசா எழுதிப் போட்டானாம், இந்தப் புஸ்தகமெல்லாம் எந்தக் கடையில இருந்து வந்துச்சு, அந்தக் கடை எப்பிடி இருக்கும்னு. அதுல இருந்து ஒரு வாரத்துக்கு என்ற ஃபோன் ஓயலீங்க. ஓசூர்ல இருந்து ரெண்டு பேரு. நாகர்கோயில்ல இருந்து ஒரு நர்ஸு. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா. நாப்பதுக்கு மேல. எல்லாரும் ஒரே பேச்சு. "ஐயா, இனிமே உங்க கடையிலதான் வாங்குவோம். மாசாமாசம் அனுப்பி வையுங்க. கூரியர் செலவும் நாங்களே தர்றோம். எங்க ஊர்ல கடையே இல்லீங்க."

சித்தெ யோசிச்சுப் பாருங்க தம்பி. நேத்து வரைக்கும் சும்மா படிச்சவங்க. ஒரே வாரத்துல நாப்பது பேரு நல்லவங்களா மாறுவாங்களா? ஒருத்தன் ரெண்டு பேருன்னா நம்பலாம். நாப்பது பேரு!

இதுல என்னமோ இருக்குதுன்னு தோணுச்சு. ஒண்ணு, பதிப்பகத்துக்காரன் வேவு பாக்க ஆள உட்டிருப்பான். இல்ல, நாப்பது எடத்துல இருந்து நாப்பது விதமாப் படம் புடிப்பாங்க, எந்தப் புள்ளி வெச்சும் கண்டுபுடிக்க முடியாது. நான் ஒரு நிபந்தனை போட்டேன். புஸ்தகம் வேணும்னா ஆதார் கார்டோட நேர்ல வந்து வாங்கிக்கட்டும்னு. ஆஸ்திரேலியாக்காரரு சிரிச்சாரு. வெளையாட்டுன்னு நெனைச்சுட்டாரு போல. அப்பறம் மறுக்காக் கூப்பிடல.

சிந்துஜா பஸ் ஏறி வந்துச்சு. "அப்பா, நான் பேக் பண்றேன், நான் அனுப்பறேன், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், கடை பொழைச்சுக்கும்பா"ன்னு கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. மாப்பிள்ள அனுப்பியிருப்பாரு. முடியாதுன்னுட்டேன். அந்த நர்ஸு ஒருக்காத் துளசிமணிகிட்டப் பேசுச்சு. ஆஸ்பத்திரியில கெடக்கற புள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டறதுக்குக் கேட்டுச்சாம். இவ எங்கிட்டச் சொல்லாம ஒரு புஸ்தகத்த எடுத்துத் தபால்ல அனுப்பி வெச்சுட்டா. ஊட்டுக்குள்ளயே! நான் பத்து நாளு குரூப்பப் பாத்துக்கிட்டே இருந்தேன், அந்தப் புஸ்தகம் வருதா வருதான்னு. வரல. வரலைங்கறதுதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருந்துச்சு. பொறுமையாக் காத்திருக்காங்கன்னு அர்த்தம்.

தையில ஒரு மாசம் முழுக்க உள்ள வந்தவங்க மொத்தம் ஆறு பேரு. அதுல ரெண்டு பேரு வழி கேக்க. பங்குனியில கடையைக் காலி பண்ணிக் குடுத்துட்டேன். பூங்கொடி டீச்சரு வந்து நின்னுச்சு, "மிச்சப் புஸ்தகத்தப் பள்ளிக்கூடத்துக்கு வெலைக்கே தாங்கண்ணா, பீரோ ஒண்ணு காலியா இருக்குது"ன்னு. ஏழாவது படிக்கிறது அத்தனையும் கையில ஃபோன் வெச்சிருக்குதுங்க. குடுப்பேனா? இப்ப எல்லாம் திருப்பூர்ல மக ஊட்டு மாடியில பெட்டி பெட்டியா இருக்குது. பூட்டுச் சாவி எங்கிட்ட. நாங்களும் அங்கயேதான் இருக்கறோம்.

இப்ப எங்க போறேன்னா கேக்கறீங்க? கொல்லம்பாளையத்துக்குத்தான். சகாயம் ஊட்டுக்கு. இல்லீங்க, உள்ள போறதுக்கில்ல. வைகாசியில பல்லு டாக்டரப் பாக்க ஈரோடு போயிருந்தப்ப, செருப்புக்கடைக்காரரு ஒண்ணு சொன்னாரு. சனிக்கெழமை அவங்கெல்லாம் இப்ப சகாயம் ஊட்டு வாசல்ல கூடறாங்கன்னாரு. எதுக்குக் கூடோணும்? அங்க இருந்துதானே எல்லாம் ஆரம்பிச்சுச்சு? போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் இருக்குது, அதுக்குப் பின்னால நின்னேன்.

நாலு நாற்காலி. அவரு, அக்கா, பாயி, டீச்சரு. டீச்சரு மடியில புஸ்தகத்த வெச்சுச் சத்தமாப் படிக்குது. ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன வரைஞ்சிருக்கான், யாரு எங்க நிக்கறாங்கன்னு சொல்லிச் சொல்லிப் படிக்குது. துப்பாக்கின்னாப் பாயி வாயிலயே சுடறாரு. சகாயண்ணன் கண்ண மூடிக்கிட்டுச் சிரிக்கிறாரு. அக்கா கையில ஃபோன் இல்ல. நல்லாப் பாத்தேன், யாரு கையிலயும் இல்ல.

அது ஒரு பழைய புஸ்தகமுங்க. எனக்கு மனப்பாடம். அதுல ஒரு பக்கத்துல எடது ஓரமா மேல இருந்து கீழ வரைக்கும் நீளமா ஒரு கெணறு வரைஞ்ச கட்டம் வரும். அத முழுசாப் படிச்சுட்டுத்தான் வலது பக்கம் போகோணும். எல்லாரும் அதுல தப்பு உடுவாங்க. டீச்சரும் உட்டுருச்சு. கொலைகாரன் யாருன்னு முன்னாடியே சொல்லிப் போடப் பாத்துச்சு! என்னால பொறுக்க முடியலீங்க. ரோட்டுல இருந்தே கத்திட்டேன், "டீச்சர்! அது அப்பறம்! மொதல்ல கெணத்துக் கட்டம்!"னு.

எல்லாரும் திரும்புனாங்க. நான் மரத்தோட மரமா நின்னேன். சகாயண்ணன் மட்டும் திரும்பல. "அவன் சொல்றது சரிதான் டீச்சர். மொதல்ல கெணறு"ன்னாரு. டீச்சரு பக்கத்தத் தடவிட்டு, கெணத்துல இருந்து ஆரம்பிச்சு மறுபடி படிச்சுச்சு. சத்தத்தக் கொஞ்சம் ஏத்திப் படிச்ச மாதிரி இருந்துச்சு. ரோடு வரைக்கும் கேட்டுச்சு.

அதுல இருந்து வாராவாரம் போறேன். கண்காணிக்கோணுமல்ல? துளசிமணிகிட்டப் பல்லு டாக்டருன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன். அவளும் "பாத்துப் போயிட்டு வாங்க, அவசரமில்ல"ங்கறா. இன்னிக்கு ஒரு பை நெறைய முறுக்கு வேற சுட்டுக் குடுத்து அனுப்பியிருக்கா. பல்லு டாக்டரப் பாக்கப் போறவனுக்கு முறுக்கு! அதும் ஒரு ஆளு திங்கற அளவா இது? நீங்களே பாருங்க. அவ மனசுல என்ன இருக்குதுன்னு தெரியலீங்க.

இதோ பெருந்துறை வந்துருச்சு. நீங்க எறங்கோணுமல்ல? இருங்க, இத மட்டும் கேட்டுட்டுப் போங்க.

நான் கத்துன அந்த வாரம் நாலு நாற்காலிதான். அடுத்த வாரம் போய்ப் பாக்கறேன், அஞ்சு. போன வாரமும் அஞ்சு. ரோட்டப் பாத்த மாதிரி ஒண்ணு காலியாப் போட்டு வெச்சிருக்காங்க. புதுசா வேற யாரும் வரவும் இல்ல, அந்த நாற்காலிய எடுக்கவும் இல்ல. அக்கா அப்பப்பத் துணியால அதத் தொடைச்சு விடுது.

யாரோ ஒரு ஆள எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க தம்பி. யாருன்னுதான் புரியல. இன்னிக்கு அதக் கண்டுபிடிக்காமத் திரும்பறதில்ல.